பாராசூட்டில் குதிக்கும் சிப்பாய் கயிறு இழுப்பானா, மாட்டானா?

பெரம்பூர் ஜவான்:
காசிமேட்டுக் கடலோடி நேற்று வேறொரு திரியில் எழுதியது இது: “1971 வங்கதேசப் போரில் டாங்காயிலில் குதித்த நம் வீரர்கள் கயிறு இழுப்பதில் ஒரு விநாடி தவறியிருந்தாலும் செத்திருப்பார்கள். சரியான நொடியில் இழுத்தார்கள், அதுதான் வீரம்.” இதற்கு நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. டாங்காயிலில் யாரும் கயிறு இழுக்கவில்லை. போரில் கூட்டமாகக் குதிக்கிறவன் இழுக்க மாட்டான். விமானத்துக்குள் தலைக்கு மேலே ஒரு கம்பி ஓடும். பாராசூட்டோடு சேர்ந்த பட்டையின் கொக்கியை அதில் மாட்டிவிட்டு வாசலில் போய் நிற்போம். குதித்ததும் அந்தப் பட்டையே பையைப் பிரித்து விரித்துவிடும். ஸ்டேடிக் லைன் என்பது அதுதான். நான் ஆக்ராவில் குதித்துப் பயிற்சி முடித்து, பாராசூட் படையின் மெரூன் தொப்பி போட்டவன். கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

காசிமேட்டுக் கடலோடி:
அண்ணே, நீங்கள் குதித்ததை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உலகத்தில் எந்தப் படத்திலும் வீரன் நெஞ்சில் இருக்கும் பிடியை இழுக்கிறான். என் மருமகன் துபாயில் குதித்தான், வீடியோ இருக்கிறது, இழுத்தார்கள். இத்தனை பேரும் பொய்யா?

பெரம்பூர் ஜவான்:
துபாயில் உங்கள் மருமகன் குதித்தது விளையாட்டு. பதின்மூன்றாயிரம் அடியில் இறங்கி, ஒரு நிமிடம் சும்மா விழுந்து, அப்புறம் விரிப்பது. அதையும் அநேகமாக அவர் முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்த பயிற்றுநர்தான் இழுத்திருப்பார். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். போரில் ஆயிரத்துச் சொச்சம் அடியில் குதிக்கிறோம். பாராசூட் விரியாவிட்டால் பத்து விநாடிக்குள் தரை. அதில் எங்கே நேரம் பார்த்து இழுப்பது? வானத்தில் அதிக நேரம் தொங்கினால் கீழே இருப்பவன் சுடுவான், அதனால்தான் அவ்வளவு தாழ்வு.

துறைமுகத் தம்பி:
டாங்காயிலில் 5,000 பேர் குதித்தார்கள் என்று படித்திருக்கிறேன். அத்தனை பேருக்கும் கம்பியில் இடம் இருந்ததா சார்?

பெரம்பூர் ஜவான்:
தம்பி, 5,000 இல்லை. குதித்தது 2 பாரா பட்டாலியன் குழு, ஏறத்தாழ எழுநூறு பேர். 1971 டிசம்பர் 11. வேலை, பூங்லி பாலத்தைப் பிடித்து டாக்காவுக்குப் பின்வாங்கும் பாகிஸ்தான் படையை மறிப்பது. ஒரு முழு பிரிகேடே இறங்கியது என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் 5,000 என்று எழுதின. கூட வந்த படம் முன்பு நடந்த ஒரு பயிற்சியில் எடுத்தது. அந்த எண்ணும் எதிரியைக் கலக்கியது என்பது உண்மை. ஐந்தே நாளில், 16ஆம் தேதி பாகிஸ்தான் தளபதி நியாசி சரணடைந்து கையெழுத்துப் போட்டார். எழுநூறு பேர் செய்ததை எழுநூறு என்றே சொல்லுங்கள், அதில் என்ன குறைச்சல்?

ராயபுரம் டீச்சர்:
கயிறு இழுப்பது பற்றி ஒன்று சொல்கிறேன். முதல் உலகப் போரில் பலூனில் உட்கார்ந்து வேவு பார்த்தவர்களுக்குத்தான் பாராசூட் வழக்கமாக இருந்தது, அது பலூனோடு கட்டியிருக்கும், குதித்தால் தானே பிடுங்கிக்கொண்டு வரும். தடுப்பு எதுவும் இல்லாமல் விழுந்தால் மனிதனுக்கு நினைவு தப்பிவிடும் என்று பலர் நம்பினார்கள். 1919 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் லெஸ்லி இர்வின் விமானத்திலிருந்து குதித்து, விழுந்துகொண்டே தன் கையால் இழுத்து விரித்துக் காட்டினார். இறங்கும்போது கணுக்கால் உடைந்தது, ஆனால் நினைவு தப்பவில்லை. ஆக இரண்டு வழியும் உண்டு. நீங்கள் இருவரும் எதைப் பேசுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

காசிமேட்டுக் கடலோடி:
பார்த்தீர்களா! டீச்சரே சொல்லிவிட்டார்கள், 1919லேயே இழுத்தாயிற்று.

பெரம்பூர் ஜவான்:
டீச்சர் சொன்னது விமானி தப்பிப்பதற்கான பாராசூட். நான் சொல்வது படை இறங்குவது. 1941இல் கிரீட் தீவில் இறங்கிய ஜெர்மன்காரனும் இழுக்கவில்லை. 1944இல் நார்மண்டியில் இறங்கியவர்களும் இழுக்கவில்லை.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
எங்கள் தாத்தா ரங்கூனிலிருந்து வந்தவர். பாராசூட் என்றால் எங்கள் வீட்டில் சணல்தான் பேச்சு. பர்மா போரில் பட்டுத் துணி போதாமல், பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம் ஆட்கள் கல்கத்தாவில் சணலில் பாராசூட் தைக்கச் சொன்னார்கள். காட்டுக்குள் இருந்த படைக்குச் சரக்கு அதில்தான் விழுந்தது. 1945 மே 1 அன்று ரங்கூனுக்குத் தெற்கே எலிஃபன்ட் பாயின்ட்டில் கூர்க்கா வீரர்கள் குதித்தார்கள். பாராசூட் என்றால் எல்லோரும் ஐரோப்பாவையே பேசுகிறீர்கள், இதை ஒருவரும் சொல்வதில்லை.

பெரம்பூர் ஜவான்:
நன்றி. இதையே கேட்கிறேன். சணல் பாராசூட்டில் வந்த தோட்டாப் பெட்டிக்குக் கை இருந்ததா? அது எப்படி விரிந்தது? விமானத்தோடு கட்டிய கயிறு விரித்தது. சிப்பாயும் அதே மாதிரிதான் வெளியே போகிறான். கடலோடி இதற்குப் பதில் சொல்லட்டும்.

காசிமேட்டுக் கடலோடி:
பெட்டியையும் வீரனையும் ஒன்றாக வைக்கிறீர்கள். இது நம் ராணுவத்துக்கு மரியாதையா? நெஞ்சில் ஒரு சிவப்புப் பிடி இருக்கிறதா இல்லையா? ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

பெரம்பூர் ஜவான்:
இருக்கிறது. அது ரிசர்வ், அவசரத்துக்கு வைத்திருக்கும் சின்ன பாராசூட். குதித்ததும் நாலு வரை எண்ணி அண்ணாந்து பார்ப்போம். மேலே குடை முழுதாக இருந்தால் அதைத் தொடவே மாட்டோம். பெரியது விரியாவிட்டால் மட்டும் அதை இழுக்க வேண்டும்.

காசிமேட்டுக் கடலோடி:
அப்படியானால் இழுப்பான்! நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நான் இதைத்தான் நேற்றிலிருந்து சொல்கிறேன்.

பெரம்பூர் ஜவான்:
நீங்கள் சொன்னது, டாங்காயிலில் எல்லோரும் சரியான நொடியில் இழுத்தார்கள் என்று. பேச்சை மாற்றாதீர்கள். போன மாதம் எம்டன் திரியிலும் இதையேதான் செய்தீர்கள். 1914 செப்டம்பர் 22 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் சுட்டது பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளை என்று நான் சொன்னேன், நீங்கள் காசிமேடுதான் குறி என்று கடைசி வரை நின்றீர்கள்.

காசிமேட்டுக் கடலோடி:
எம்டனை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்கு என் அப்பா சொன்னதைப் பொய் என்று எல்லோர் முன்னாலும் எழுதினீர்கள். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

துறைமுகத் தம்பி:
பாரா கமாண்டோக்கள் ரொம்ப உயரத்திலிருந்து குதித்து, கீழே வந்து விரிக்கிறார்களே, அவர்கள் கையால் இழுக்கிறவர்கள்தானே? அவர்களும் சிப்பாய்கள்தானே?

காசிமேட்டுக் கடலோடி:
அப்படிப் போடு தம்பி.

பெரம்பூர் ஜவான்:
அது சிறு குழு, தனிப் பயிற்சி. நான் பேசுவது டாங்காயில். டாங்காயில். டாங்காயில்.

ராயபுரம் டீச்சர்:
கீழே இருப்பவன் சுடுவான் என்று எழுதினீர்களே, அதற்கும் ஒரு சட்டம் உண்டு. 1977 ஜெனீவா கூடுதல் நெறிமுறை, 42ஆவது பிரிவு. விமானம் அடிபட்டுத் தப்பிக்கக் குதிப்பவரை இறங்கும்போது சுடக் கூடாது. போரிட இறங்கும் படைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
அது என்ன நியாயம் டீச்சர்? தொங்குகிறவன் இரண்டு பேரும் ஒரே மாதிரிதானே கையாலாகாமல் தொங்குகிறான்?

ராயபுரம் டீச்சர்:
ஒருவன் போரை விட்டு வெளியேறுகிறான், மற்றவன் போருக்குள் வருகிறான். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

காசிமேட்டுக் கடலோடி:
படத்தில் இழுத்தவுடன் ஆள் சட்டென்று மேலே போகிறானே, அதுவும் பொய் என்பீர்களா?

ராயபுரம் டீச்சர்:
மேலே போவதில்லை. படம் பிடிப்பவர் கூடவே மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறார். இவர் வேகம் குறைகிறது, அவர் வேகம் குறையவில்லை. அதனால் மேலே போவதுபோல் தெரிகிறது.

பெரம்பூர் ஜவான்:
சினிமாவில் பார்த்ததையே பேசுகிறீர்கள். ஒரு பெயர் சொல்கிறேன், கேளுங்கள். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், ராணுவ மருத்துவர், இந்திய ராணுவத்தில் முதன்முதலில் பாராசூட்டில் குதித்த இந்தியர்களில் ஒருவர். 1951 மார்ச் 23 அன்று கொரியாவில் முன்சான்னியில் அமெரிக்கப் படையோடு தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு குதித்தார். அவர் யூனிட் 60 பாரா ஃபீல்டு ஆம்புலன்ஸ், பாராசூட் படையின் மருத்துவப் பிரிவு. மகாவீர் சக்ரா வாங்கினார். பல வருடம் கழித்து நான் வேலை பார்த்தது அதே யூனிட்டில். என் முதல் குதிப்பில், பச்சை விளக்கு எரிந்ததும் கால் நகரவில்லை. பின்னால் இருந்தவன் முட்டினான், வெளியே போனேன். வீரம் அந்த வாசலில் இருக்கிறது, கயிற்றில் இல்லை. எங்கள் ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் பையில் நூல் கட்டிக் கல்லைத் தொங்கவிட்டுப் போட்ட பையன்தான் நான். இங்கிருந்து போய் அந்த வாசலில் நின்றிருக்கிறேன். அதைத் தப்பாக எழுதினால் எனக்கு வலிக்கும்.

காசிமேட்டுக் கடலோடி:
உங்கள் மேல் மரியாதை உண்டு அண்ணே. ஆனால் ரிசர்வ் பிடி இழுப்பதற்குத்தானே வைத்திருக்கிறது?

பெரம்பூர் ஜவான்:
விரியாவிட்டால்!

காசிமேட்டுக் கடலோடி:
விரியாவிட்டால் இழுப்பான். அப்போது இழுப்பான்தானே.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
எலிஃபன்ட் பாயின்ட் பற்றி யாராவது பேசுவீர்களா, மாட்டீர்களா?

பெரம்பூர் ஜவான்:
நாளை மாலை ட்யூட்டி முடிந்ததும் கொக்கியின் படம் வரைந்து போடுகிறேன். டாங்காயிலில் யாரும் இழுக்கவில்லை.