பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும் அடிப்படையில் தடுமாறும் மாணவர்கள்: உங்கள் அனுபவம்?

மாலைவெயில்:
முதலாண்டு கால்குலஸ் (நுண்கணிதம்) வகுப்புக்கு உதவி ஆசிரியர் நான். எல்லோருக்கும் தெரிந்த பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். போன பருவத்தில் சந்தேகம் கேட்க ஒரு பெண் வந்தாள். நோட்டு அவ்வளவு நேர்த்தி. சூத்திரங்களுக்கெல்லாம் பச்சை மையில் கட்டம். கணக்கின் கடைசி வரி 1/2 + 1/3. யோசிக்காமல் 2/5 என்று எழுதினாள். "அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் அரையைவிடக் குறையுமா?" என்றேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பள்ளியில் கணக்கில் எப்போதும் எனக்கு முதல் கிரேடுதான்" என்றாள். பொய் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒற்றைப்பனை:
இது ஒரு பெண்ணோடு முடிகிற கதை இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம் 2025 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளிக் கணக்குகூடத் தெரியாமல் சேருகிறவர்கள் 2020-லிருந்து ஏறக்குறைய 30 மடங்கு கூடிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் சுமார் 8 பேருக்கு ஒருவர். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான எஸ்.ஏ.டி.யை எடுத்துவிட்டதன் பலன் இது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) 2022-லேயே அந்தத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

தாழை:
ஒற்றைப்பனை, பழியை அந்த ஒரு தேர்வின்மேல் போடாதீர்கள். அதே அறிக்கை கொரோனா காலப் படிப்பையும் பள்ளிகள் அள்ளிக்கொடுத்த கிரேடுகளையும் சேர்த்தே சொல்கிறது. என் பள்ளியில் கால்குலஸ் வகுப்பே கிடையாது. கல்லூரியில் முதல் நாள் பேராசிரியர், "இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்" என்று சொல்லி, பலகையில் பாதியை அழித்தார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

கணக்குவாத்தியார்:
தாழை சொன்ன தலையாட்டலை 20 வருடமாகப் பார்க்கிறேன். இதைப் படிக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சிலது சொல்ல வேண்டும். சேரும்போது வைக்கிற நிலையறியும் தேர்வை ஃபோன் துணையோடு எழுதாதீர்கள். தகுதிக்கு மேலான வகுப்பில் உட்காரவைத்துவிடும், அப்புறம் இறங்குவது கஷ்டம். கீழ் வகுப்பு கிடைத்தால் சரி என்று போங்கள், வெட்கமே வேண்டாம். ஹார்வர்டே 2024-ல் இயற்கணிதத்தில் பலவீனமானவர்களுக்காக வாரம் 5 நாள் நடக்கும் கால்குலஸ் வகுப்பு தொடங்கியது. விடுமுறையில் கால்குலஸ் புத்தகத்தை முன்கூட்டியே புரட்டுவதைவிட, பின்னம், அடுக்கு, சமன்பாடு மூன்றையும் கால்குலேட்டர் இல்லாமல் தினமும் அரை மணி நேரம் போடுங்கள். விடை வந்ததும் உடனே அடுத்த கணக்குக்குத் தாவாமல், இவ்வளவு பெரிதாக வருமா, இவ்வளவு சிறிதாக வருமா என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஆசிரியரைப் பார்க்கப் போனால் "புரியவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வரியில் நின்றுபோனீர்களோ அந்தத் தாளோடு போங்கள்.