6 மீட்டர் நீர்மூழ்கி கட்டுகிறேன், பேலஸ்ட் தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

முக்குளிப்பான்:
10 மி.மீ. இரும்புத் தகட்டை உருட்டி ஒன்றரை மீட்டர் விட்டம், 6 மீட்டர் நீளத்தில் கூடு செய்யப் போகிறேன். இரண்டு பேர், 30 மீட்டர் ஆழம், நன்னீர். முட்டி மடக்கி உட்காருகிற சின்ன சாதனம் வேண்டாம், உள்ளே காலை நீட்டிப் படுக்க வேண்டும், அதனால்தான் இவ்வளவு பெரிது. இரண்டு பக்கமும் வெளியே தொட்டி வைத்து, தண்ணீர் விட்டால் இறங்கும், காற்றடித்தால் ஏறும் என்பது திட்டம். மொத்தம் 2 கன மீட்டர் தொட்டி போதுமா? முனைகளை 20 மி.மீ. தட்டைத் தகட்டால் அடைக்க நினைக்கிறேன், சரிதானே?

காரீயக்குண்டு:
தொட்டி கிடக்கட்டும், எடைக் கணக்கு போட்டீர்களா? கூட்டின் கன அளவு 10.6 கன மீட்டர், அதாவது 10.6 டன் தண்ணீரைத் தள்ளும், எனவே மூழ்க வேண்டுமானால் கூடும் உள்ளே இருப்பதும் சேர்ந்து அதே 10.6 டன் இருந்தாக வேண்டும். உருளைத் தகடு 2.2 டன்தான். முனைகள், கூடு நசுங்காமல் தாங்கும் வளையங்கள், பேட்டரி, மோட்டார், நீங்கள் இருவர் என்று தாராளமாகவே போட்டாலும் 5 டன். மீதி ஐந்தரை டன்னுக்குக் காரீயம் ஏற்ற வேண்டியதுதான், அதையும் வெளியே அடியில் கட்டினால் எடையில் 11-ல் ஒரு பங்கு தண்ணீரிலேயே கழிந்துவிடும். வெளித் தொட்டி இதற்கு உதவாது, தண்ணீருக்குள் தண்ணீருக்கு ஏது எடை? மேலே மிதக்கும்போது ஏறி இறங்கும் மூடி நனையாமல் தூக்கிப் பிடிக்கத்தான் அந்தத் தொட்டி. என் முதல் கூட்டில் நானும் இப்படித்தான் ஏமாந்தேன், எல்லா வால்வையும் திறந்துவிட்டு அரை மணி நேரம் மேலேயே ஆடிக்கொண்டிருந்தேன், கரையில் நின்றவர்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

பழைய வெல்டர்:
தட்டை முனை வேண்டவே வேண்டாம் தம்பி. 30 மீட்டரில் சதுர மீட்டருக்கு 30 டன், உங்கள் முனையின் பரப்பு 1.77 சதுர மீட்டர், ஒவ்வொரு முனையிலும் 53 டன் உட்காரும். குவிந்த டிஷ் முனை போடுங்கள், அரைக்கோளம் கிடைத்தால் இன்னும் நல்லது.

அதைவிட எனக்குப் பயம் வட்டம்தான். தகட்டை உருட்டும்போது இரண்டு ஓரமும் சரியாக வளையாது, நீளவாட்டில் வெல்டிங் ஓடுகிற கோட்டில் கூரை முகடு மாதிரி எழும்பி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. விட்டத்துக்கு ஏற்ற வளைவை ஒட்டுப்பலகையில் வெட்டி, உள்பக்கம் ஒரு கை அளவுக்கு ஒருமுறை வைத்துப் பாருங்கள், இடைவெளி எங்கே தெரிகிறதோ அங்கேதான் முதலில் நசுங்கும். வளையங்களை நெருக்கமாக வையுங்கள். இடைத் தூரம் பாதியானால் நசுங்காமல் தாங்கும் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்கு. முடித்ததும் ஆள் இல்லாமல், கயிற்றில் கட்டி, 30-ஐத் தாண்டிய ஆழத்துக்கு இறக்கிச் சோதிக்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள்.

முக்குளிப்பான்:
இரண்டு பேருக்கும் நன்றி. இப்போது 1.2 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீளம் என்று போட்டுப் பார்த்தேன், நாலரை டன்தான் தள்ளுகிறது! காரீயம் பெருமளவு மிச்சம். காலை வீட்டில் நீட்டிக்கொள்கிறேன்.

சோடாலைம்:
நல்ல முடிவு, ஆனால் இடம் குறைந்தால் காற்றும் குறையும். சும்மா உட்கார்ந்திருக்கும் இருவர் மணிக்குச் சுமார் 40 லிட்டர் கரியமில வாயு விடுவார்கள். பெரிய கூட்டில் அது மணிக்கு அரை சதவீதம் அளவில் ஏறும், சின்னதில் ஒரு சதவீதம். 3 சதவீதத்தில் தலைவலியும் மூச்சிரைப்பும் வந்துவிடும். ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும் வைத்தால் இது தீராது, கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் நிரப்பிய டப்பாவும் அதன் வழியாகக் காற்றை இழுக்க ஒரு மின்விசிறியும் கட்டாயம். அப்புறம் ஈய அமில பேட்டரியை உங்களோடு ஒரே அறையில் மூடி வைத்து சார்ஜ் செய்யாதீர்கள், ஹைட்ரஜன் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றும்.

முக்குளிப்பான்:
பேட்டரி என் இருக்கைக்கு அடியில்தான் வரைந்திருந்தேன். வரைபடத்தை மறுபடி முதலில் இருந்து தொடங்குகிறேன்.