கோழித் தீவனத்தில் என்சைம் போட்டும் எச்சம் பசையாகவே இருக்கிறது, என்ன செய்யலாம்?

கண்டனூர் பண்ணை:
வணக்கம். 400 பிராய்லர், இன்றோடு 18 நாள். மக்காச்சோளம் விலை ஏறிப்போனதால் இந்தத் தடவை தீவனத்தை நானே கலக்கிறேன். நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் 30, உடைந்த கோதுமை 20, புதுவயல் அரிசி மில் தவிடு 12, சோயாப் பிண்ணாக்கு 30, மீதி எண்ணெய், தாது உப்பு. நார்ச்சத்து கூடும் என்று தெரிந்துதான் கடையில் கேட்டு என்சைம் (செரிக்க உதவும் நொதி) வாங்கிப் போட்டேன். ஆனாலும் எச்சம் கோந்து மாதிரி பின்புறத்தில் ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது, கூளத்தில் கால் வைத்தால் செருப்போடு வருகிறது, எடை 480 கிராமைத் தாண்டவில்லை. என்சைம் டூப்ளிகேட்டா?

தேவகோட்டைக்காரன்:
அண்ணே, முதலில் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகுகிறதா பாருங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது இரத்தக் கழிச்சல், தீவனத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கண்டனூர் பண்ணை:
ரத்தம் இல்லை தம்பி. நிப்பிளுக்குக் கீழே இருப்பதைவிட ஷெட் நடுவில்தான் ஈரம் அதிகம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது? என்சைம் என்று கேட்டால் கடைக்காரர் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்திருப்பார்.

கண்டனூர் பண்ணை:
பைட்டேஸ், கிராமுக்கு 5000 யூனிட், டன் தீவனத்துக்கு 100 கிராம் என்று இருக்கிறது சார்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
அப்போ அது டூப்ளிகேட் இல்லை, வேலைதான் வேறு. கிலோ தீவனத்துக்கு 500 யூனிட், அளவும் சரி. ஆனால் பைட்டேஸ், தவிட்டிலும் தானியத்திலும் பைட்டேட்டாகக் கட்டிப்போட்டிருக்கும் பாஸ்பரஸைத்தான் அவிழ்த்து விடும். உங்கள் பிரச்சினை கோதுமையில் இருக்கிற அராபினோசைலான் என்ற நார். அதில் கரையும் பகுதி குடலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கஞ்சி மாதிரி கெட்டியாகிவிடும், கோழியின் சொந்த நொதிகள் உள்ளே புகுந்து வேலை செய்ய வழியிருக்காது, சத்தில் ஒரு பகுதி எச்சத்தோடு போய்விடும், தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும். குஞ்சுப் பருவத்தில் இது இன்னும் மோசம். அதை உடைப்பது சைலனேஸ் என்ற வேறொரு என்சைம். மக்காச்சோளத்தில் இந்தத் தொல்லை அவ்வளவு கிடையாது, அதனால்தான் இத்தனை நாள் உங்களுக்குத் தெரியவில்லை.

தேவகோட்டைக்காரன்:
அப்போ தவிட்டு நார் பரவாயில்லையா சார்?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
அது பெரும்பாலும் கரையாத நார், பிசுபிசுப்பு தராது. கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால் இரைப்பையை நன்றாக அரைக்கவே வைக்கும். ஆனால் உமி கலந்த தவிடு என்றால் வயிறு நிறையும், எடை ஏறாது. கையில் எடுத்து ஊதிப் பாருங்கள், உமி பறக்கும். சிக்கு வாடை அடித்தாலும் போடாதீர்கள், பச்சைத் தவிடு சில நாளிலேயே கெடும்.
கோதுமையை இப்போதைக்கு 10க்கு இறக்கி, சைலனேஸைப் பாக்கெட்டில் போட்ட அளவுக்குச் சேருங்கள். நேரே மொத்தத்தில் கொட்டாமல் முதலில் இரண்டு கிலோ மாவில் பிசிறி, அப்புறம் 20 கிலோவில், அப்புறம் மொத்தத்தில். சுடுகஞ்சியில் கரைத்தால் நொதி செத்துப்போகும். பைட்டேஸை நிறுத்த வேண்டாம். எச்சத்தைச் சோதிக்கக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் வழி கேளுங்கள், ரத்தம் தெரியாமலும் காக்சிடியா (இரத்தக் கழிச்சல் கிருமி) இருக்கலாம்.

கண்டனூர் பண்ணை:
ஆறு நாள் ஆயிற்று. மேல் கூளத்தை அள்ளிப் புது உமி போட்டேன், எச்சம் உருண்டு விழ ஆரம்பித்திருக்கிறது. சோதனையில் காக்சிடியா இல்லை. எடை இன்னும் பின்னால்தான், இந்த பேட்ச் நஷ்டம் நஷ்டம்தான். தவிட்டை ஊதினேன், என் கண்ணிலேயே வந்து விழுந்தது உமி. மீதி இரண்டு மூட்டையும் மாட்டுக்கு.