கெட்டி அருங்காட்சியகம்: இலவசம்னா முழு இலவசமா?

கணக்குப்பிள்ளை: நேற்று இந்த இணைய மன்றத்தில் ஒரு புண்ணியவான், "லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி சென்டருக்குக் குடும்பத்தோடு போங்க, முழுக்க இலவசம், சல்லிக்காசு செலவில்லை" என்று எழுதியிருந்தார். காரை நிறுத்தவே காசு வாங்குகிறார்கள். இது எந்த ஊர் இலவசம்?

அல்லிராணி: புண்ணியவான் இல்லை, புண்ணியவதி. எழுதியது நான்தான். உள்ளே போக யாரிடமும் காசு வாங்குவதில்லை, 1997ல் திறந்த நாளிலிருந்தே அப்படித்தான். பார்க்கிங் காருக்குத்தான், தலைக்கு இல்லை. ஐந்து பேர் ஒரே காரில் போனால் ஆளுக்கு என்ன விழும் என்று போட்டுப் பாருங்கள், பேரிலேயே கணக்கு இருக்கிறதே.

கணக்குப்பிள்ளை: ஆக, செலவு உண்டு. "சல்லிக்காசு" என்று எழுதியது யார்?

வடபழனியான்: பஸ்ஸில் போங்க சார். 761 வாசலிலேயே நிற்கும். அங்கிருந்து மேலே ஏற டிராம், அதுவும் இலவசம். டிரைவர் கிடையாது, காற்று மெத்தையில் மிதந்து ஏறும்.

கணக்குப்பிள்ளை: எழுபது வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலா? நீங்கள் போனதுண்டா, இல்லை யூடியூபா? கோயிலில் தர்ம தரிசனம் என்பார்கள், செருப்புக்கும் வண்டிக்கும் சீட்டு கிழிப்பார்கள். அதே கதைதான்.

அல்லிராணி: ஒரே நாளில் மலிபு பக்கம் இருக்கிற கெட்டி வில்லா என்ற இன்னொரு அருங்காட்சியகத்துக்கும் அதே பார்க்கிங் சீட்டு செல்லும். அதைச் சொல்ல மாட்டீர்களே! வான்கோவின் ஐரிஸ் பூக்கள் ஓவியம் கெட்டி சென்டரில்தான் இருக்கிறது. 1889ல் மனநலக் காப்பகத்தில் இருந்தபோது வரைந்தது. நீலப் பூக்களுக்கு நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பூ. கிட்டே போனால் பெயின்ட் திட்டுத்திட்டாக எழும்பி நிற்பது தெரியும். எண்ணெய் வியாபாரம் பார்த்த பால் கெட்டி என்ற மனுஷன் இதையெல்லாம் வாங்கி ஊருக்கு வைத்துவிட்டுப் போனாரே, அதற்கு ஒரு நன்றி வேண்டாமா?

சோழன்77: மேடம், பால் கெட்டி செத்தது 1976. ஐரிஸை வாங்கியது 1990. ஆவியாக வந்து விலை பேசினாரா? வாங்கியது அவர் விட்டுப்போன அறக்கட்டளை. அவருக்கு அதிகம் பிடித்தது பழைய கிரேக்க, ரோமச் சிலைகளும் பிரெஞ்சு மரச்சாமானும். 1974ல் திறந்த வில்லாவையே அவர் நேரில் பார்த்ததில்லை. இங்கிலாந்து மாளிகையில் உட்கார்ந்துகொண்டு, வருகிற விருந்தாளிக்குக் காசு போட்டுப் பேசும் போன் வைத்திருந்த ஆள்.

கணக்குப்பிள்ளை: பார்த்தீர்களா! விருந்தாளியிடமே போனுக்குக் காசு வாங்கியவர் பெயரில் இருக்கும் இடத்தில் பார்க்கிங் எப்படி இலவசமாக இருக்கும்?

அல்லிராணி: சோழனுக்கு என் மேல் பழைய கோபம். கிராண்ட் கேன்யன் பற்றிய விவாத இழையில் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் ஆறவில்லை போல. காசு அவருடையது, எனவே வாங்கியது அவர்தான்.

சோழன்77: கிராண்ட் கேன்யனில் நான் சொன்னதுதான் சரி, அது வேறு விஷயம். நன்றி பற்றிப் பேசுகிறீர்களே, 1988ல் 1.8 கோடி டாலர் கொடுத்து ஒரு கிரேக்க அம்மன் சிலை வாங்கினார்களே, அது சிசிலியில் தோண்டித் திருடியது என்று ஆகி 2011ல் திருப்பி அனுப்பினார்களே, அதற்கும் சேர்த்து நன்றி சொல்லலாமா?

வடபழனியான்: கட்டடத்தைப் பற்றி யாராவது பேசுங்களேன். பல சுவர்களில் இத்தாலியிலிருந்து வந்த டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக் கல். சில கல்லில் இலை படிந்த தடம் அப்படியே இருக்கிறது, விரலை வைத்துத் தடவலாம்.

கணக்குப்பிள்ளை: கல்லைத் தடவப் பார்க்கிங் காசா? எங்கள் ஊர் ஆற்றங்கரையில் ஓசியிலேயே தடவலாம்.

அல்லிராணி: அப்போ ஆற்றங்கரைக்கே போங்கள், உங்களை யார் கூப்பிட்டார்கள்? சோழன், திருப்பிக் கொடுத்தார்களா இல்லையா? எத்தனை அருங்காட்சியகம் கொடுத்திருக்கிறது?

சோழன்77: இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்து, இத்தாலி கழுத்தைப் பிடித்த பிறகு கொடுத்தார்கள். அதைப் பெருந்தன்மை என்று நீங்கள் எழுதுங்கள், நான் எழுத மாட்டேன்.

கணக்குப்பிள்ளை: சிலையைக் கொடுத்தார்கள் சரி. "சல்லிக்காசு" வரியை அழிக்கச் சொல்லி அட்மினுக்கு எழுதியிருக்கிறேன்.

அல்லிராணி: அட்மின் என் தம்பிதான். எழுதுங்கள்.