கலைச்சொல்: முழங்கால் ‘ஜவ்வு’ அறுவைக்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

முழங்கால் அறுவைக்கு வருபவர்களிடம் கொடுக்கும் விளக்கத்தாள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது வரியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். எலும்போடு எலும்பைச் சேர்க்கும் லிகமென்டைத் தசைநார் என்கிறார்கள். தசையை எலும்போடு சேர்க்கும் டெண்டனையும் பலர் தசைநார் என்றே எழுதுகிறார்கள். வேறு இடமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே டெண்டனை எடுத்து, அறுந்த லிகமென்டின் இடத்தில் வைப்பதுதான் அறுவையே! “கிழிந்த தசைநாருக்குப் பதிலாகத் தொடையின் பின்புறத் தசைநார் வைக்கப்படும்” என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்?

பேச்சில் எல்லாமே ஜவ்வு. லிகமென்ட் அறுந்தாலும் ஜவ்வு, எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தாலும் ஜவ்வு. சவ்வு என்று திருத்தி எழுதலாமென்றால், பாடநூல்களில் அது மெல்லிய படலத்துக்குப் போய்விட்டது. நாம் பேசும் லிகமென்டோ சுமார் 3 செ.மீ. நீளமும் 1 செ.மீ. அகலமும் உள்ள முறுக்குக் கயிறு.

முந்தைய மடல்களில் லிகமென்டுக்கு மூன்று சொற்கள் வந்தன. ‘பிணையம்’ நல்ல சொல்தான், ஆனால் அதைக் கேட்டதும் நீதிமன்ற நினைப்பு வருகிறது. ‘இணையம்’ வேறு வேலைக்குப் போய்விட்டது, இனித் திரும்பி வராது. ‘பந்தகம்’ யார் வாயிலும் இல்லை.

என் முன்மொழிவு எளியது. பூவைக் கட்டுவது நார், வில்லை வளைப்பது நாண். நார் கட்டும், நாண் இழுக்கும். எலும்போடு எலும்பைக் கட்டுவதால் லிகமென்ட் மூட்டுநார். தசையின் விசையை எலும்புக்குக் கொண்டுபோய் இழுப்பதால் டெண்டன் தசைநாண். பின்னது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது; நாம் செய்ய வேண்டியது நாரை அதன் பக்கத்திலிருந்து பிரித்து வைப்பதுதான். இந்த அறுவை நடக்கும் லிகமென்டும் அதன் இணையும் ஆங்கிலத்தில் குரூஷியேட் லிகமென்ட்கள்; அவற்றுக்குச் சிலுவைநார் என்று வைத்திருக்கிறேன். அதற்கு ஒருவர் கேட்டது:

> குறுக்குநார் என்றால் போதாதா, சிலுவைநார் எதற்கு?

போதாது. முழங்காலுக்குள் இரண்டு மெனிஸ்கஸ்களின் முன்னோரங்களையும் இணைத்துக் குறுக்கே ஓடும் நார் ஒன்று தனியாக உண்டு. குறுக்கு அதற்கு வேண்டும். சிலுவைநார்கள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிச் செல்பவை, ஆகவே முன்சிலுவைநார், பின்சிலுவைநார். சிலுவை இங்கே வடிவத்தைத்தான் சொல்கிறது. ‘முன்’ என்பதும் கீழ்க்கால் எலும்பில் அது பிடித்திருக்கும் இடத்தை வைத்து வந்தது. ஒரு வரைவில் “முழங்காலின் முன்புறத்தில் உள்ள நார்” என்று எழுதியிருந்தார்கள். மேல்முனை தொடையெலும்பின் பின்பக்கமாக இருக்கிறது என்பதை அறிந்தவர் அப்படி எழுதமாட்டார்.

அறுவைக்குச் ‘சீரமைப்பு’ என்று போட்டிருக்கிறேன். மருத்துவர் ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்.

* * *

வணக்கம் அம்மா.

நாரும் நாணும் எனக்குச் சம்மதம். ‘சீரமைப்பு’ மட்டும் வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் என்னிடம், “நன்றாகத் தைத்துவிட்டீர்களா?” என்கிறார்கள். முன்சிலுவைநாரில் பெரும்பாலும் நாங்கள் தைப்பதில்லை. மூட்டு நீர் சூழ்ந்த இடம் அது. அறுந்த முனைகளுக்கிடையே இரத்தம் உறைந்து நிற்காது, உறையாவிட்டால் ஆறுவதற்குப் பிடிமானம் இல்லை. 1895இல் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர் தைத்துப் பார்த்தார். 1917இல் ஹே குரோவ்ஸ் என்ற மற்றோர் அறுவை மருத்துவர் தொடையின் பக்கவாட்டுப் பட்டையிலிருந்து கீற்றெடுத்துப் புதிதாக ஒன்றைச் செய்தார். இன்றைய அறுவை அவர் வழியில் வந்தது.

தையல் அடியோடு போய்விடவும் இல்லை. தொடையெலும்புப் பிடிப்பிலிருந்தே பிய்ந்து வந்த நாரைச் சிலருக்குத் தைக்கிறோம். முழங்காலின் உட்பக்க நார் பலருக்குத் தாங்கு பட்டையோடு தானே ஆறிவிடும். எனவே இரண்டு சொற்கள் தேவை. ஒன்று நார்த்தையல். மற்றொன்று, அறுந்ததற்குப் பதிலாகப் புதிதாக வைப்பதற்கு; அதற்குத்தான் திண்டாட்டம். ‘ஒட்டு’ என்றால் பசை போட்டு ஒட்டியதாக நினைக்கிறார்கள்.

செய்வதை அப்படியே சொல்கிறேன். தொடையின் பின்புறத்திலிருந்து மெல்லிய நாண்கள் இரண்டை உருவுகிறோம். ஒட்டியிருக்கும் தசையைச் சுரண்டிவிட்டால் வெண்மையாகப் பளபளக்கும். இரண்டையும் மடித்து நான்கு இழையாக்கி, முனைகளை நூலால் பின்னி, பலகையில் இழுத்துக் கட்டி, ஈரத்துணியால் மூடி வைப்போம். சுமார் 8 மி.மீ. பருமன் வரும். இரண்டு எலும்புகளிலும் அதே அளவில் துளையிட்டு, அதை உள்ளே இழுத்து, திருகாணியோ பொத்தானோ வைத்து நிறுத்துவோம். முதல் சில மாதங்களில் அது வலுவிழக்கும். பிறகு குருதிக்குழாய்கள் ஊடுருவி, மெல்ல மெல்ல நாணின் குணம் மாறி நாரின் குணம் வரும். விளையாட்டுக்கு 9 மாதமாவது காத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

* * *

ஐயா, நீங்கள் சொல்வது நடவு!

ஓரிடத்தில் பிடுங்கி, இன்னோர் இடத்தில் ஊன்றி, முதலில் வாடி, பின்பு வேர்பிடிப்பது. முடி நடவு என்று சொல்லிப் பழகியும் இருக்கிறோம். தைத்தால் நார்த்தையல், புதிதாக வைத்தால் நார்நடவு. “முன்சிலுவைநார் நடவு: தொடையின் பின்புறத் தசைநாணை எடுத்து, அறுந்த நாரின் இடத்தில் ஊன்றுதல்.” ‘மீட்டமைப்பு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். தவறில்லை, ஆனால் இடிந்த கட்டடத்துக்கும் அதையே சொல்லலாம். வேர்பிடிக்கும் வரை பொறுக்க வேண்டும் என்பது அதில் இல்லை.

இந்த வரியைக் கால்பந்து ஆடும் பையன் ஒருவனிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, “பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்குமா?” என்று கேட்டான். பதில் தெரியாமல் விழித்தேன்.

* * *

அம்மா, பலருக்கு முளைக்கிறது. உருவிய நாண் ஓரிரு ஆண்டுகளில் அதே பாதையில் மீண்டும் வளர்ந்திருப்பதை ஸ்கேனில் பார்க்கலாம். பழைய வலு முழுதும் வருமென்று உறுதி சொல்ல முடியாது.

அதற்கும் சொல் இருக்கிறது. அறுத்த கட்டையிலிருந்து கரும்பு தழைத்தால் மறுதாம்பு. விளக்கத்தாளில் மட்டும் போட்டுவிடாதீர்கள். நார்நடவுக்கே சக மருத்துவர்களிடம் நான் இனிமேல்தான் பேச வேண்டும்.