‘அப்பா’ என்று ஓதப்படும் சொல்

லாத்தா: அஸ்ஸலாமு அலைக்கும் சாச்சா. சின்னவள் குர்ஆனின் அபஸ சூராவை (அத்தியாயத்தை) மனனம் செய்துகொண்டிருக்கிறாள். 31ஆம் ஆயத்தை (வசனத்தை) ‘வஃபாகிஹதன் வஅப்பா’ என்று ஓதி நிறுத்தியவள், பழத்தோடு அப்பா எதற்கு வந்தார் என்று கேட்கிறாள்.

சாச்சா: வஅலைக்கும் ஸலாம். பிள்ளையைக் கேலி செய்துவிடாதீர்கள். நபித்தோழர் உமர் (ரலி) அவர்களே பள்ளிவாசல் மேடையான மிம்பரில் இந்தச் சூராவை ஓதியபோது, மற்றவற்றை அறிவோம், ‘அப்பு’ (ஆயத்தின் முடிவில் நிறுத்தும்போது ‘அப்பா’) என்பது யாது என்று கேட்டதாகவும், பிறகு இப்படித் துருவுவது வீண் சிரமம் என்று தம்மையே கடிந்துகொண்டதாகவும் அனஸ் (ரலி) வழியாக ஓர் அறிவிப்பு உண்டு.

நான்: தந்தையைக் குறிக்கும் ‘அபு’வும் இதே வேர்தானா?

சாச்சா: இல்லை. அதன் வேர் ஹம்ஸா, பா, வாவ் என்ற மூன்று அரபு எழுத்துகள். இருமையில் ‘அபவான்’ என்னும்போது அந்த வாவ் வெளிப்பட்டுவிடும். இங்கே பாவின் மேல் ஷத்து (எழுத்தை இரட்டிக்கும் குறி) இருப்பதைப் பாருங்கள். ஹம்ஸா, பா, பா என்ற இந்த வேர் குர்ஆனில் இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. 1311இல் மறைந்த இப்னு மன்ழூரின் ‘லிஸானுல் அரப்’ அகராதி, வேரின் கடைசி எழுத்தைக் கொண்டு அடுக்கப்பட்டது என்பதால், பா பகுதியைத் திறந்தவுடன் முதற்சொல்லாக இதுவே நிற்கிறது. பொருள், மேய்ச்சல் புல். மனிதருக்குப் பழம் எப்படியோ, கால்நடைக்கு இது அப்படி.

மாமி: வேறு பொருளே கிடையாதா?

சாச்சா: உண்டு. ‘அப்ப’ என்ற வினை, புறப்பட ஆயத்தமாவதைக் குறிக்கும். உறவை முறித்துக்கொண்டு போகத் தயாராகிவிட்ட சகோதரனைப் பற்றி பழைய அரபுக் கவிஞர் அஃஷா பாடிய அடியில் அது இருக்கிறது; வாளை உருவக் கையைக் கொண்டுபோவதற்கும் அதையே சொல்வார்கள்.

நான்: புல்லுக்கும் புறப்பாட்டுக்கும் என்ன தொடர்பு?

சாச்சா: நாடிச் செல்லப்படுவதால் புல்லுக்கு அப்பெயர் வந்தது என்று குர்ஆன் விரிவுரையாளர் ஸமக்‌ஷரி இணைக்கிறார். அகராதி ஆசிரியர் இப்னு ஃபாரிஸோ மேய்ச்சல் ஒன்று, நாட்டமும் ஆயத்தமும் மற்றொன்று என இரண்டு மூலங்களாகவே வைத்துவிட்டார். ஸமக்‌ஷரியின் விளக்கம் அழகானதுதான். ஆனால் அழகுக்காக வேர்களை ஒட்டவைக்க எனக்கு மனம் வரவில்லை, நான் இப்னு ஃபாரிஸின் பக்கமே.

லாத்தா: புல் என்று சொன்னேன், சாச்சா. “நாம் புல்லையா தின்போம்?” என்றாள். அடுத்த ஆயத்தில் ‘உங்களுக்கும் உங்கள் கால்நடைகளுக்கும்’ என்று வருவதைக் காட்டினேன்; ‘அப்படியானால் பழம் எனக்கு’ என்று சொல்லிவிட்டு ஓதப் போய்விட்டாள்.