துணியா டயப்பரா? குழப்பமா இருக்கு

கேள்வி: பாப்பாவுக்கு 2 மாசம், ஒரு நாளைக்கு 10 தடவையாவது மாத்த வேண்டியிருக்கு, துணி துவைச்சே கை ஓஞ்சு போச்சு, சரினு டயப்பர் போட்டா தொடை இடுக்கெல்லாம் சிவந்துடுது. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

பதில்: நான் பகல்ல துணி, ராத்திரி மட்டும் டயப்பர். உள்ள இருக்குற ஜெல் ஈரத்த இழுத்து வச்சுக்கும், பாப்பா தூங்கும். அதுக்காக பகல்லயும் அப்படியே விட்டா சிவக்கத்தான் செய்யும்பா, 2-3 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, கக்கா போனா உடனே.

பதில்: துணி துவைக்கிறப்ப ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போடாதீங்க, அப்புறம் துணி ஈரத்தையே உறிஞ்சாது. நான் அதையும் ஊத்திட்டு துணிய திட்டிட்டிருந்தேன் 😀

பதில்: தினமும் கொஞ்ச நேரம் எதுவுமே போடாம காத்தாட விடுங்க. மெத்தை நனையும், அது வேற கதை.